சுவக்கீன் திருநாள்

அன்னம்மா கண்ணு,

மெல்பர்னில் இன்னும் குளிர்தானே, காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. இங்கே சிங்கப்பூரில் நேற்று மாதாவின் மோட்சாரோபணத் திருநாள், கட்டாயம் பூசை காண வேண்டிய கடன் திருநாள் என்பதால் முழங்கால் வலியோடு லூர்து மாதா கோயிலுக்குப் போய் வந்தேன். இன்று ஆகஸ்ட் 16, பாட்டி கணக்கில் மாதாவின் அப்பா சுவக்கீன் திருநாள், அதனால் சேமியா பாயசம். அப்பாவுக்குச் சர்க்கரை, ஒரு கரண்டிதான் கொடுத்தேன்.

1969-இல் சுவக்கீனை ஜூலை 26-க்கு மாற்றி அன்னம்மாளோடு சேர்த்துவிட்டார்கள், பாட்டி சாகும்வரை அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் 16 என்பதே பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1913-இல் வைத்த தேதிதான், அதற்கு முன் மாதா திருநாளுக்கு அடுத்த ஞாயிறு. பாட்டியோ ஆதாம் காலத்து வழக்கம்போலச் சண்டை போடுவார். எனக்கென்னவோ புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே நாள் என்பதுதான் சரியாகப் படுகிறது.

ஜூலை 26 உன் திருநாள். நீ கூப்பிடவில்லை, வாட்ஸ்அப்பில் ஒரு பூப்படம் வந்தது. எப்போதும் மாப்பிள்ளை பெயரும் சேர்த்துத்தான் போடுவாய், இந்தத் தடவை உன் பெயர் மட்டும். அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததை இந்த புளோக் முழுக்கச் சொல்லிவிட்டேன், ஆனால் அதுவும் பெரியம்மா மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சரி, போகட்டும். காலையில் சாப்பிடு.

பாட்டி சொல்லும் கதை ஞாபகம் இருக்கிறதா? வேதாகமத்தில் இல்லை, பழைய ஏட்டில் வருவது. பிள்ளை இல்லாதவன் என்று காணிக்கையில் அவமானப்பட்ட சுவக்கீன், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் வனாந்தரத்துக்குப் போய் 40 நாள் நோன்பு இருந்தார். சம்மனசு, அதாவது தேவதூதர், வந்து சொன்ன பிறகுதான் அன்னம்மாள் வாசலில் நின்று, அவரைக் கண்டதும் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். (பிள்ளை விஷயமாகக் கேட்கிறேன் என்று நினைக்காதே, அதை நான் கேட்கவே மாட்டேன்.) அந்த 40 நாளும் அன்னம்மாள் யாரிடம் பேசியிருப்பாள் என்று பாயசம் கிண்டும்போது யோசித்துக்கொண்டே இருந்தேன், கொஞ்சம் அடிபிடித்துவிட்டது.

நீ ஆறாம் வகுப்பில் பிஎஸ்எல்இ பரீட்சை எழுதிய வருஷம் தோ பாயோ வீட்டில் நானும் அப்பாவும் ஏழு மாதம் பேசிக்கொள்ளவில்லை. "சாப்பாடு ரெடின்னு அப்பாகிட்ட சொல்லு", "பியூபி கரண்டு, தண்ணி பில் கட்டியாச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு" என்று அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் உன்னைத்தான் ஓடவிட்டோம். ஞாயிறு பூசையில் மூவரும் ஒரே பெஞ்சில் உட்காருவோம், ஒருத்தருக்கும் தெரியாது. அதில் எனக்குப் பெருமை வேறு. பள்ளியில் அழுதாய் என்று ஆசிரியை போன் செய்தபோதுகூட, பரீட்சை பயம் என்று அவரிடம் பொய் சொன்னேன். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே என்று அன்றைக்கு ராத்திரி உன்னைத்தான் திட்டினேன். உன் அப்பாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

குளிரில் காதை மூடிக்கொள். செப்டம்பர் 8 மாதா பிறந்தநாளுக்குப் பூசைக் கருத்து கொடுக்க வேண்டும், யாருக்காக வேண்டிக்கொள்வது என்று பெயர் எழுத வேண்டும். போன மாதம் இரண்டு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். இந்த முறை ஒரு பெயரா, இரண்டா? அதை மட்டும் அனுப்பு, காரணம் கேட்க மாட்டேன்.

அம்மா