இலை நிறம் பார்க்கப் போவோருக்குப் படம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

இலையுதிர்காலம் வந்தால் இங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகளில் ஒன்ராறியோவின் அல்கோன்குயின் மாகாணப் பூங்காவின் படம் வராமல் போவதில்லை. செக்கச் சிவந்த மலை, நடுவே ஏரி, பாறை விளிம்பில் ஒரு குடும்பம். படம் அழகுதான். ஆனால் அந்தப் பாறை எந்தப் பாதையில் இருக்கிறது, அங்கே ஏற எவ்வளவு நேரம் வேண்டும், வாகன அனுமதியை எப்போது எடுக்க வேண்டும் என்பது பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. போதாக்குறைக்கு, அந்தப் படங்கள் அச்சாவது தாங்ஸ்கிவிங் விடுமுறை வாரத்தில். அதைப் பார்த்துவிட்டு ரொறன்ரோவிலிருந்து மூன்று மணித்தியாலம் ஓடிப் போகிறவர்கள் பிந்திய நாளில், உச்சி வேளையில், எல்லாரும் ஏறும் அதே பாதையில் போய் நிற்கிறார்கள்.

முதலில் நாள். மலைகளைச் சிவப்பாக்குவது சீனி மேப்பிள் மரம். பூங்காவின் மேற்குப் பக்க மேட்டு நிலத்தில் அது அடர்த்தியாக வளர்கிறது. அதன் நிறம் உச்சம் தொடுவது பெரும்பாலான ஆண்டுகளில் செப்டெம்பர் கடைசி வாரத்துக்கும் ஒக்டோபர் முதல் வாரத்துக்கும் இடையில். தாங்ஸ்கிவிங் வருவது ஒக்டோபர் இரண்டாம் திங்களன்று. அதற்குள் ஒரு பலத்த காற்றும் மழையும் வந்தால் மேப்பிள் மொட்டையாகிவிடும். அப்போது மிஞ்சுவது பொப்லர் மரங்களின் மஞ்சளும், ஒக்டோபர் நடுப்பகுதியில் பொன்னிறமாகும் தமறாக் என்ற ஊசியிலை மரமும். அவையும் அழகுதான், ஆனால் படத்தில் பார்த்த சிவப்பு அதுவல்ல. ஒன்ராறியோ பூங்காக்களின் இலை நிற அறிக்கை இணையத்தில் வருகிறது. அதைப் பார்த்து நாளைத் தீர்மானிப்பதே சரி. வார நாளில் விடுப்பு எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது அனுமதி. பகல்நேர வாகன அனுமதியை ஐந்து நாட்களுக்கு முன்பிருந்தே பதியலாம். பதிவு காலை 7 மணிக்குத் திறக்கும். சனிக்கிழமை போகிறவர் திங்கள் காலை 7 மணிக்கே இருந்து பதிய வேண்டும். நிறம் உச்சத்தில் இருக்கும் வார இறுதிகளில் அது முடிந்துவிடும். வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று போனால் திரும்பி வர வேண்டியதுதான். ஓர் அனுமதி ஒரு வாகனத்துக்கு, அதில் இருக்கும் அனைவருக்கும் சேர்த்து. இரண்டு வாகனத்தில் போகும் உறவினர்கள் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. எங்கும் நிறுத்தாமல் 60ஆம் நெடுஞ்சாலையைக் கடந்து போவதற்கு மட்டும் அனுமதி வேண்டியதில்லை.

அந்த நெடுஞ்சாலை பூங்காவின் தென்பகுதியை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் ஊடறுத்துப் போகிறது. மேற்கு வாசல்தான் 0. அங்கிருந்து கிழக்கு நோக்கிக் கிலோமீற்றர் பலகைகள் நடப்பட்டுள்ளன. பூங்காவில் எல்லா இடங்களையும் அந்த எண்ணை வைத்தே சொல்வார்கள், ஆகவே கைத்தொலைபேசி வரைபடத்தைவிட இந்த எண் பயன்படும். எரிபொருளை, மேற்கு வாசலுக்கு முன் வரும் ஹன்ட்ஸ்வில் நகரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இனிப் பாதைகள். எல்லாரும் போவது 39.7ஆம் கிலோமீற்றரில் உள்ள லுக்அவுட் ட்ரெயில். நீளம் ஏறத்தாழ 2 கிலோமீற்றர் என்பதால் அதைச் சின்ன நடை என்று நினைக்கிறார்கள். ஏற்றம் செங்குத்து, வழியெல்லாம் கல்லும் வேரும். மேலே போனால் பல நூறு சதுர கிலோமீற்றர் காடு விரிந்து கிடக்கும். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இலையுதிர்காலச் சனிக்கிழமை 11 மணிக்குத் தரிப்பிடம் நிறைந்து வழியும், சிலர் நெடுஞ்சாலை ஓரத்தில் வாகனத்தை விட்டுவிட்டுக் குழந்தைகளுடன் தார்வீதியில் நடப்பார்கள். வாகனங்கள் வேகமாக வரும் வீதி அது. காட்டில் உள்ள எந்தப் பாறையைவிடவும் அந்த நடை ஆபத்தானது.

அந்த ஒரு பாதைக்காகக் காத்து நிற்கத் தேவையில்லை. 13.8இல் உள்ள ஹாட்வூட் லுக்அவுட் ஒரு கிலோமீற்றர்தான். மேப்பிள் காட்டினூடாக ஏறினால் ஸ்மோக் லேக் தெரியும். 27.2இல் ஹெம்லொக் பிளஃப், 3.5 கிலோமீற்றர், ஜாக் லேக்கைப் பார்த்த மேடு. 25இல் ட்ராக் அன்ட் டவர், ஏழரை கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. காஷ் லேக்கின் மேல் நிற்கும் பார்வையிடத்துக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். நடந்து பழகியவர்களுக்கு 37.6இல் சென்ரெனியல் றிட்ஜஸ்: 10 கிலோமீற்றர் வட்டப்பாதை, இரண்டு உயர்ந்த மலைமுகடுகள், ஏறி இறங்கி மறுபடி ஏற வேண்டும். அதற்கு ஆறு மணித்தியாலம் ஒதுக்குங்கள். பத்து வயதுப் பிள்ளையை அங்கே கூட்டிப்போய்ப் பாதியில் திரும்புவதில் மிச்சம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் பாதி தூரத்திலிருந்து திரும்பினாலும் அதே 10 கிலோமீற்றர்தான்.

குடும்பத்துக்கு ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் பூத்ஸ் றொக்கைச் சொல்வேன். 40ஆம் கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டித் தெற்கே திரும்பி றொக் லேக் வீதியில் சுமார் 9 கிலோமீற்றர் உள்ளே போக வேண்டும். பலர் போகாமல் விடுவது அதனால்தான். 5.1 கிலோமீற்றர் வட்டப்பாதை. முதலில் இரண்டு சிறிய ஏரிகள், பிறகு ஏற்றம், பிறகு றொக் லேக்குக்கு மேலே திறந்த பாறை விளிம்பு. அங்கிருந்து மரப்படிகளில் இறங்கினால் திரும்பும் வழி கைவிடப்பட்ட பழைய ரயில் தடம், சமதரை. மர வியாபாரி ஜே. ஆர். பூத் 1890களில் போட்ட ரயில்பாதை அது. களைத்த கால்களுக்குக் கடைசிப் பகுதி சமதரையாக அமைவது இங்கே பெரிய வசதி.

முழங்கால் நோவுள்ள பெற்றோரை வாகனத்தில் இருத்திவிட்டுப் போகவும் வேண்டாம். 43இல் உள்ள பார்வையாளர் நிலையத்தின் மேடையிலிருந்தே பள்ளத்தாக்கும் காடும் விரிவாகத் தெரியும். 42.5இல் ஸ்புறூஸ் பொக் என்ற சதுப்புநிலப் பாதை, ஒன்றரை கிலோமீற்றர், பெரும்பகுதி மேடு பள்ளமற்றது, பலகைப்பாலமும் உண்டு. அங்கே குனிந்து பாருங்கள்: பலகைக்கு இரு புறமும் பஞ்சு போன்ற பாசி, அதன் நடுவே கைவிரல் தடிப்பில் கறுப்பு ஸ்புறூஸ் மரங்கள். கன்று என்று நினைக்கத் தோன்றும், ஆனால் சத்தில்லாத அமிலச் சேற்றில் வளர்வதால் அவற்றில் பல அந்த அளவிலேயே பல பத்தாண்டுகள் நிற்பவை.

நேரக் கணக்கில்தான் பெரும்பாலானோர் பிசகுகிறார்கள். நகரப் பூங்காவில் நடக்கும் வேகத்தை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. பிள்ளைகளோடு இந்தத் தரையில் மணிக்கு 2 கிலோமீற்றர் என்று வையுங்கள், படம் எடுக்கும் நேரம் தனி. செப்டெம்பர் கடைசியில் சூரியன் மறைவது மாலை 7 மணியளவில், ஒக்டோபர் நடுவில் ஆறரைக்கு. மரங்களுக்குள் அதற்கு முன்பே இருட்டிவிடும். சூரியன் மறைய ஒன்றரை மணித்தியாலம் இருக்கும்போதே வாகனத்துக்குத் திரும்பியிருக்கத் தக்கதாகப் புறப்படுங்கள். இதன்படி பூத்ஸ் றொக்கில் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு கால் வைக்கக்கூடாது. ஆளுக்கு ஒரு தலைவிளக்கு பையில் இருக்கட்டும். கைத்தொலைபேசி வெளிச்சத்தை நம்பினால், உதவிக்கு அழைக்க வேண்டிய நேரத்தில் மின்கலம் தீர்ந்துபோயிருக்கும்.

விழுவது பெரும்பாலும் இறங்கும்போது. இலையுதிர்காலத்தில் விழுந்த இலைகள் வேர்களையும் கற்களையும் மூடிவிடும். ஈர இலைக்கு அடியில் தோல் உரிந்த வேர் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். பாறை விளிம்பில் பைன் ஊசிகள் உருளும், மழைக்குப் பின் பாறையில் படர்ந்த பாசியும் சறுக்கும். அடிப்பகுதி தேய்ந்த ஓட்டச் சப்பாத்து வேண்டவே வேண்டாம். கணுக்காலைப் பிடிக்கும், ஆழமான பள்ளங்கள் உள்ள சப்பாத்து போட வேண்டும். விளிம்புகளில் கம்பி வேலியை எதிர்பார்க்காதீர்கள். பிள்ளையின் கையைப் பிடித்திருங்கள். படத்துக்காகப் பின்னோக்கி ஓர் அடியும் வைக்கச் சொல்லாதீர்கள்.

உடை பற்றி: ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் ஏறும்போது வியர்வையில் நனையும். மேலே காற்றில் நின்றதும் அந்த ஈரம் உடற்சூட்டை இழுத்துவிடும். கணுக்கால் பிசகி ஒரு மணித்தியாலம் அசையாமல் இருக்க நேர்ந்தால் 8 பாகை வெப்பத்திலேயே உடல் விறைக்கத் தொடங்கும். உள்ளே செயற்கை நூல் அல்லது கம்பளி, நடுவே ஃபிளீஸ், பையில் மழை அங்கி. ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீராவது வேண்டும். ஏரித் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைக்காமலோ வடிக்காமலோ குடிக்கக்கூடாது, ஜியார்டியா என்ற கிருமியால் வயிற்றோட்டம் வரும்.

கைத்தொலைபேசிச் சமிக்ஞை நெடுஞ்சாலை ஓரத்திலேயே விட்டு விட்டுத்தான் கிடைக்கும். சமிக்ஞையைத் தேடித் தேடியே மின்கலம் இறங்கும், ஆகவே அதை விமானப் பயண நிலையில் (airplane mode) வையுங்கள். இந்தப் பாதைகளில் எண் பொறித்த கம்பங்கள் உள்ளன. வழிகாட்டிக் கையேடு அவற்றைப் பின்பற்றியே எழுதப்பட்டது. கடைசியாகக் கடந்த கம்பத்தின் எண்ணை நினைவில் வையுங்கள். 911இல் பாதையின் பெயரையும் அந்த எண்ணையும் சொன்னால் மீட்பவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருவது என்று உடனே தீர்மானிப்பார்கள்.

சாப்பாடு கொண்டுபோவதில் நம்மவர்கள் குறை வைப்பதில்லை. அதைப் பாதை வாசலில் விரிக்காமல் 33.8இல் உள்ள லேக் ஒஃப் ரூ றிவர்ஸ் உணவருந்தும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். மிச்சச் சோறும் பழத்தோலும் மக்கிவிடும் என்று பற்றைக்குள் எறிவது கறுப்புக் கரடியை மனிதரிடம் பழக்குவதாகும். பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டி வருகிறது. கரடி திறக்க முடியாத தொட்டிகள் இருக்கின்றன, அதில் போடுங்கள். நாய் கொண்டுபோவோர் 2 மீற்றருக்கு மேற்படாத வாரில் பிடித்திருக்க வேண்டும். மிஸ்ஸி லேக் பாதையில் நாய்க்கு அனுமதியே இல்லை, வனவிலங்கு பார்ப்பதற்கான பாதை அது.

மாலையில் திரும்பி ஓட்டும்போது மூஸ் என்ற பெரிய மான் குறித்து எச்சரிக்கை தேவை. உடல் கருமை, கால் நெடியது; வாகன விளக்கு பெரும்பாலும் காலில் மட்டும் பட்டுப் போகும், கண் மினுங்குவதும் அரிதாகவே தெரியும். செப்டெம்பர் நடுவிலிருந்து அதன் இணைசேரும் காலம் என்பதால் ஆண் மூஸ் மூர்க்கமாக இருக்கும். படம் எடுக்க இறங்காதீர்கள்.

இன்னொன்று: பரன் கன்யன் பள்ளத்தாக்கும் இதே பூங்காதான், ஆனால் 60ஆம் நெடுஞ்சாலையிலிருந்து பூங்காவுக்குள்ளாக அங்கே வீதி இல்லை. கிழக்கே பெம்புறோக் பக்கமாகப் போக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கத் திட்டமிடுவோர் நாள் முழுவதும் வாகனத்தில்தான் இருப்பார்கள். 

ஆசிரியரிடம் கேட்பது இதுதான்: அடுத்த ஆண்டு அந்தப் படத்தைச் செப்டெம்பர் முதல் வாரத்திலேயே போடுங்கள். அருகில் பாதையின் பெயர், கிலோமீற்றர் எண், நீளம், அனுமதி திறக்கும் நேரம், நிறம் உச்சம் தொடும் வாரத்தில் சூரியன் மறையும் நேரம் ஆகிய ஐந்தையும் ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபுறோ வாசகர்