பக்கத்து வளவின் விலை

ஆசிரியருக்கு,

கிளிநொச்சிப் பக்கம் வீடு விற்கிற பலர், ‘பக்கத்து வளவு என்ன விலைக்குப் போனது?’ என்று தரகரைக் கேட்டுவிட்டு அதையே தங்கள் விலையாகவும் சொல்கிறார்கள். பக்கத்து வளவு உறுதிக்காணியாக, அதாவது உறுதியுள்ள சொந்தக் காணியாக இருக்கும். இவர்களுடையது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. பிரதேச செயலாளரின் ஒப்புதலில்லாமல் கைமாறாது. இரண்டும் ஒரே விலை போகுமா?

பிறகு கிணறு. வாங்க வருகிறவர் ஒரு வாளி அள்ளி, உவரா என்று குடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார். கோடையில் வற்றுமா என்று அயலில் விசாரிப்பார். மாபிள் பதித்த விறாந்தையை யார் பார்க்கிறார்கள்? (வெளிநாட்டுக் காசில் கட்டியவர்களுக்கு இது கசக்கும்.) தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் அறிக்கை எடுத்துவிட்டுத் தரகரிடம் போகலாமே. தரகருக்கென்ன, சீக்கிரம் விற்றால் சரி.

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி