இல்லாத கோருக்கும் பணம் கட்டுகிறோம்

சர்வர் கொள்முதலுக்கு ஒப்புதல் தரும் குழுவினருக்கு,

வணக்கம். ஒரே சர்வரைப் பல மெய்நிகர் சர்வர்களாகப் பிரித்து ஓட்ட உதவும் மென்பொருளைத் தரும் விஎம்வேரை, 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திவிட்டு, இனி சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. அதிலிருந்து, "அதே வேலையைச் செய்யும் பிராக்ஸ்மாக்ஸ் இலவசமாமே, மாறிவிடலாமா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் லைசென்ஸ் விலையை மட்டும் வைத்து முடிவெடுத்துவிடாதீர்கள்.

முதலில் கோர் கணக்கு. கோர் என்பது சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் செயலிப் பகுதி. விஎம்வேரில் ஒரு சிபியுவுக்குக் குறைந்தது 16 கோர் என்று வைத்துத்தான் சந்தா போடுகிறார்கள். 12 கோர் சிபியு இரண்டிரண்டாக உள்ள 3 சர்வர்களில் இருப்பது 72 கோர்; நாம் கட்டுவதோ 96 கோருக்கு. ஆண்டுதோறும் இல்லாத 24 கோருக்குப் பணம் போகிறது. சர்வர் வந்து இறங்கிய பிறகு இந்தக் கணக்கைப் போட்டுப் பயனில்லை.

பிராக்ஸ்மாக்ஸிலும் செலவு உண்டு. அந்த நிறுவனத்தின் நேரடி ஆதரவு ஆஸ்திரிய அலுவலக நேரத்தில்தான். இங்கே காலை பத்து மணிக்கு சர்வர் படுத்தால் அங்கே அலுவலகமே திறந்திருக்காது. இரவு பகலாக உதவ உள்ளூரில் ஆள் வேண்டும். அந்தத் தொகையையும் எழுதுங்கள். பேக்கப் மென்பொருள், ஊழியர் பயிற்சி, மாற்றும் வேலை எல்லாம் சேர்த்து 5 ஆண்டுக் கணக்காகப் பாருங்கள். விண்டோஸ் சர்வர் டேட்டாசென்டர் லைசென்ஸ் ஏற்கெனவே இருந்தால், மைக்ரோசாஃப்டின் இதே வகை மென்பொருளான ஹைப்பர்-விக்குத் தனிச் செலவு இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் வேகம். மூன்றுமே சிபியுவில் உள்ள மெய்நிகராக்க வசதியைத்தான் பயன்படுத்துகின்றன. அதனால் கணக்கீட்டு வேகத்தில் பெரிய இடைவெளி இருப்பதில்லை. வித்தியாசம் டிஸ்கிலும் நெட்வொர்க்கிலும்தான் தெரியும். நாங்கள் முதலில் பிராக்ஸ்மாக்ஸில் விண்டோஸுக்கு ஐடிஇ என்ற பழைய வகை டிஸ்க் இணைப்பை வைத்துச் சோதித்து, "மிக மெதுவாக இருக்கிறது" என்று அறிக்கையே எழுதிவிட்டோம். மெய்நிகர் சர்வர்களுக்கென்றே உள்ள விர்ட்ஐஓ டிரைவரைப் போட்டு டிஸ்க்கை அதற்கு மாற்றியதும் அந்த அறிக்கையைக் கிழிக்க வேண்டியதாயிற்று. எழுதும் தரவை முதலில் ரேமில் வைத்துக்கொள்ளும் ரைட்பேக் கேஷைப் போட்டு அளந்தால் இதற்கு நேர்மாறு: தரவு ரேமில் விழுந்ததையே டிஸ்கின் வேகமாகக் காட்டிவிடும்.

ஆகவே, ஒப்புதலை 2 வாரம் தள்ளி வையுங்கள். ஒரே மாதிரியான சர்வர்களில், மூன்று மென்பொருளிலும் நம்முடைய சொந்த டேட்டாபேஸை ஓட்டிப் பார்க்கிறோம். ஓடும்போதே ஒரு சர்வரின் மின்சாரத்தைப் பிடுங்கி, எத்தனை நிமிடத்தில் அதிலிருந்த மெய்நிகர் சர்வர்கள் எல்லாம் அடுத்த சர்வரில் எழுந்திருக்கின்றன என்று அளக்கிறோம். நீங்களும் அன்று சர்வர் அறைக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
சர்வர் அறையிலிருந்து ஒரு நிர்வாகி