மண்டையோட்டை வெட்டிய படம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த லண்டன் பயணக் கட்டுரையில் நேஷனல் கேலரிக்கும் ஒரு பத்தி ஒதுக்கி, ஜெர்மன் ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் தீட்டிய 'தூதர்கள்' ஓவியத்தை அச்சிட்டிருந்தீர்கள். மறுமலர்ச்சி ஓவியம் என்றாலே மோனாலிசாவோடு நின்றுவிடும் பயணக் கட்டுரைகளுக்கு நடுவே இது மகிழ்ச்சி தந்தது. ஆனால், தூதர்களின் காலடியில் உள்ள மண்டையோட்டைத் தவறவிடக் கூடாது என்கிறது கட்டுரை; அச்சான படத்திலோ காலடியே இல்லை. போதாக்குறைக்கு, படக்குறிப்பை இடது மேல் மூலையில் ஒட்டிவிட்டீர்கள்.

இது எப்படி நேர்ந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஓவியத்தின் உயரம் 207 செ.மீ., அகலம் 209.5 செ.மீ. கிட்டத்தட்டச் சதுரம். அதை மூன்றுக்கு இரண்டு என்ற கிடைமட்டக் கட்டத்தில் அகலம் குறையாமல் வைத்தால், உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போயாக வேண்டும். முகங்கள் மேலே இருப்பதால் கத்தரி கீழே விழுகிறது. வேறு ஓவியமாக இருந்தால் கொஞ்சம் தரைதான் போயிருக்கும். இந்த ஓவியத்திலோ முக்கியமானவை ஓரங்களில்தான் இருக்கின்றன.

நேர் எதிரே நின்றால், இருவரின் கால்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று நீளமாக இழுபட்டுத் தெரியும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மட்டுமே உருவம் தெளியும்படி தீட்டிய மண்டையோடு அதுதான். அது இடது கீழிருந்து வலது மேல்நோக்கிச் சாய்ந்து ஏறுகிறது. அந்தச் சாய்வை அப்படியே வலப்பக்கம் நீட்டிப் பார்த்தால், சட்டத்தின் வலது ஓரத்தையும் தாண்டிப் போய், ஏறக்குறைய ஓவியத்தின் நடு உயரத்தை எட்டும். கண் இருக்க வேண்டிய உயரம் அதுதான். ஓவியத்தின் வலப்புறம் சென்று, எதையும் தொடாமல் சுவரை ஒட்டினாற்போல் நின்று, அங்கிருந்து இடப்பக்கம் கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் நல்லது. இரண்டு கண்ணாலும் பார்த்தால் பலகையின் தட்டைத்தன்மை உறுத்திக்கொண்டே இருக்கும்.

பலரும் ஏமாந்து திரும்புவதற்குக் காரணம், போதிய அளவு பக்கவாட்டில் போகாததே. 45 டிகிரியில் நின்றால் அது இன்னும் நீண்ட சுரைக்காயாகத்தான் இருக்கும். சுவரை நெருங்க நெருங்கத்தான் சுருங்கும். கண்குழிகள் வட்டமாகும், தாடையும் பல்வரிசையும் அதனதன் இடத்தில் வந்து பொருந்தும். அந்த இடத்திலிருந்து பார்க்கையில் தூதர்கள் இருவரும் ஒடுங்கிய கீற்றாகிவிடுவார்கள். அவர்களுடைய பட்டும் ஃபர் அங்கியும் ஒழுங்காகத் தெரியும் இடத்தில் மண்டையோடு தெரியாது. மண்டையோடு தெரியும் இடத்தில் அவர்கள் இல்லை. இரண்டையும் ஒருசேரப் பார்க்க ஹோல்பைன் இடம் வைக்கவில்லை. (ஓவியம் பத்து ஓக் பலகைகளை இணைத்த பரப்பில் தீட்டப்பட்டது. காலப்போக்கில் மூக்கெலும்புப் பகுதியில் வண்ணம் உதிர்ந்துபோனதால், 1993 முதல் 1996 வரை நடந்த சீரமைப்பின்போது அந்த இடத்தை மீண்டும் தீட்டினார்கள்.)

படக்குறிப்பு மறைத்த மூலையில் இருப்பது ஒரு சிலுவை. பச்சைத் திரையின் விளிம்புக்கு வெளியே பாதி மட்டும் எட்டிப் பார்க்கும் சின்னஞ்சிறு வெள்ளிச் சிலுவை. நேரில் நிற்பவர்களே தவறவிடுவது அதைத்தான். கீழே மரணம், மேலே மூலையில் மீட்பின் நம்பிக்கை. இரண்டுக்கும் நடுவே உலகத்து அறிவெல்லாம் அடுக்கிய ஒரு மேசை. உங்கள் படத்தில் மிஞ்சியது மேசையும் இரண்டு பணக்கார இளைஞர்களும்தான்.

இளைஞர்கள் என்பதும் ஓவியத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. இடப்பக்கம் நிற்பவர் பிரெஞ்சு மன்னரின் தூதர் ழான் தெ டின்டெவில். அவருடைய குறுவாள் உறையில் 29 என்று வயது உள்ளது. வலப்பக்கம் நிற்பவர் பிரான்ஸின் லவோர் நகர ஆயராக நியமிக்கப்பட்ட ஜார்ஜ் தெ செல்வ். முழங்கை ஊன்றிய புத்தகத்தின் விளிம்பில் 25. மேசையின் மேல்தட்டில் வான்கோளமும் சூரியக் கடிகாரங்களும். அவற்றைவிட அதிக நேரம் கேட்பது கீழ்த்தட்டு. அங்குள்ள லூட் என்னும் நரம்பு வாத்தியத்தில் மற்றத் தந்திகள் நேராக ஓட, ஒன்று மட்டும் அறுந்து சுருண்டு நிற்கிறது. பக்கத்தில் திறந்திருப்பது, கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த மார்ட்டின் லூதரின் பாடல்கள் கொண்ட ஜெர்மன் நூல். கத்தோலிக்க ஆயருக்கு முன்னால் அதை வைத்திருக்கிறார் ஹோல்பைன். இடப்பக்கம் ஒரு கணக்குப் புத்தகம். பிரித்து வைத்திருப்பது வகுத்தல் பக்கம். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி ரோமத் திருச்சபையைவிட்டு விலகிக்கொண்டிருந்த ஆண்டு அது. அறுந்த தந்தியையும் வகுத்தலையும் சமயப் பிளவோடு சேர்த்து ஆய்வாளர்கள் வாசிப்பது இதனால்தான். அறைக்குள் போகும்முன், கேலரியின் இணையதளத்தில் உள்ள படத்தைப் பெரிதாக்கி இவற்றை ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் கூட்டத்தில் தேடித் தவிக்க வேண்டாம்.

கட்டுரையில் விடுபட்ட பயணத் தகவல்களையும் சொல்லிவிடுகிறேன். நேஷனல் கேலரி ட்ரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கிறது. நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. காலை 10 முதல் மாலை 6 வரை, வெள்ளிக்கிழமைகளில் இரவு 9 வரை திறந்திருக்கும். டிசம்பர் 24, 25, 26, ஜனவரி 1 ஆகிய நாள்களில் விடுமுறை. ஓவியங்களை அவ்வப்போது அறை மாற்றுவார்கள்; பழைய கையேட்டில் உள்ள எண்ணை நம்பாமல் நுழைவாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து பெரிய பெட்டிகளோடு நேராகப் போகாதீர்கள், உள்ளே விட மாட்டார்கள். ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். நேரமிருந்தால் அங்கிருந்து ஒயிட்ஹால் வழியாகக் கால் மணி நேரம் நடந்து வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குப் போகலாம். தூதர்களின் காலடியில் உள்ள தரைக்கு மாதிரி, அங்கே உயர்பீடத்துக்கு முன்னால் 1268இல் பதித்த பலவண்ணக் கல்தளம்தான். அபேக்கு மட்டும் நுழைவுக் கட்டணம் உண்டு.

ஒரு வேண்டுகோள். அடுத்த இணைப்பில் இந்த ஓவியத்தை ஓரம் வெட்டாமல், எழுத்து எதுவும் மேலே ஏறாமல், பக்கத்தின் முழு அகலத்துக்குச் சதுரமாக வெளியிடுங்கள். வழவழப்பான தாளைச் சாய்த்தால் விளக்கொளி பட்டுக் கண் கூசும். நாளிதழ்த் தாளில் அந்தத் தொல்லை இல்லை. லண்டன் போக முடியாத வாசகர்களும் தாளை மேசையில் விரித்து, வலது ஓரத்தில் கண்ணைத் தாழ்த்தி, அந்த மண்டையோட்டைப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்.