அயர்லாந்தில், கால்வேயில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பருப்புப்பொடியும் ஸ்வெட்டரும் பார்சலில் போட்டிருக்கிறேன். வந்து சேர்ந்ததா? வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் கட்டுரையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்துவிட்டேன். அந்தக் காலத்து அயர்லாந்தில் புலவருக்கு ஏழு படிநிலை, உச்சியில் ஒல்லவ், அவருக்கு 350 கதை தெரிந்திருக்க வேண்டும், சட்டத்தில் அவர் மானத்தின் விலையும் (அவமதித்தால் கட்ட வேண்டிய ஈட்டுத்தொகை) சிற்றரசனின் மானத்தின் விலையும் ஒன்று! அவர் வசை பாடினால் ராஜா முகத்தில் கொப்புளம் கிளம்பும் என்று நம்பினார்களாமே. மாடி வீட்டு மாமியிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனேன். வாத்தியாருக்கு அவ்வளவு பக்கம் எழுதுகிறவனுக்கு அம்மாவுக்கு நாலு வரி எழுத முடியவில்லை, இல்லையா?

அந்தப் புலவர் பள்ளிக்கூடம்தான் மனசிலேயே நிற்கிறது. 1722-இல் அச்சான குறிப்பு என்று எழுதியிருந்தாய். ஜன்னல் இல்லாத அறை, ஆளுக்கொரு கட்டில், பாடுபொருளைக் கொடுத்துவிட்டால் பகல் முழுக்க இருட்டில் படுத்தே பாட்டுக் கட்ட வேண்டும். ஆனால் ராத்திரி விளக்கு வந்துவிடும். எழுதி, உடுத்திக்கொண்டு, பெரிய கூடத்தில் எல்லாரும் கூடி ஆசான் முன்னால் வைக்க வேண்டும். சனிக்கிழமையானால் பக்கத்து ஊர்ப் பெரிய வீடுகளுக்குப் போய் நல்ல சாப்பாடு. உன்னையும் யாராவது கூப்பிட்டால் போய்விட்டு வா. அறைக்குள்ளேயே கிடக்காதே. சாப்பிடு.

அந்தப் புலவர்களில் ஒருவரான முரெதாக் ஓ டாலியைப் பற்றிய பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். வரி கேட்டு வந்து மரியாதையில்லாமல் பேசிய அதிகாரியை 1213-இல் கோடரியால் வெட்டிப்போட்டு ஸ்காட்லாந்து வரை ஓடியவர். அப்பேர்ப்பட்ட மனுஷர், மனைவி போனதும் என் கண்ணில் பாதி, கையில் பாதி போயிற்று என்று அழுகிறார். இருபது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்கள். அதை எழுதிய இடத்தில் உன் நடையே மாறியிருக்கிறது. வேறு யார் கண்ணுக்கும் அது தெரியாது, எனக்குத் தெரிகிறது.

முன்னெல்லாம் போனில் அந்தப் பெண்ணின் பேச்சு வராமல் இருக்காது. இப்போது நீ எடுப்பதில்லை, நானும் கேட்கவில்லை.

குளிரில் காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அவள் பக்கத்தில் இருந்தால் அவளிடமும் கொடு. இல்லாவிட்டால் நீ மட்டும் பேசு, போதும்.

அம்மா