மலைக்குப் போனா வியூ பாயிண்ட் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

உங்க பேப்பர்ல சுற்றுலா பக்கத்தை விடாம படிக்கிறவன் நான். கோடை வந்தா ஏற்காட்டுக்குன்னு ஒரு பக்கம் போட்டுடறீங்க, சந்தோஷம். ஆனா வருஷா வருஷம் லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, போட் ஹவுஸ், அவ்ளோதான். மலைல குடியிருக்கிற ஆளு ஒருத்தர் மூஞ்சி கூட அந்தப் பக்கத்துல வந்து நான் பாத்ததில்ல. ரொம்ப நாளா மனசுல இருந்ததுதான், இந்தோனேசியா போயிட்டு வந்த பின்னாடி எழுதியே தீரணும்னு ஆயிடுச்சு.

சேலம் செவ்வாய்ப்பேட்டைல கொலுசு பட்டறை வெச்சிருக்கேங்க. வெள்ளி வெல தாறுமாறா ஏறி ஆர்டர் படுத்துட்ட நேரம், வீட்ல யாரும் வரலன்னுட்டாங்க, சரின்னு தனியாவே கெளம்பிட்டேன். பினாங்கு போய் அங்கருந்து சுமத்ரால மேடான். டச்சுக்காரன் காலத்துல புகையிலைத் தோட்ட வேலைக்குப் போன நம்ம சனங்க 1884ல கட்டின மாரியம்மன் கோயில் அங்க இருக்கு, கோட்டை மாரியம்மன் ஊர்க்காரன் கும்பிடாம வர முடியுமா. அதைப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க, நான் விட்டுடறேன்.

நான் சொல்ல வந்தது மேடான்ல இருந்து பஸ்ல மேல ஏறினா வர்ற பெரஸ்தாகிங்கிற ஊரு. 1,300 மீட்டர் உயரம், நம்ம ஏற்காட்டை விட கொஞ்சம் கம்மி. ரெண்டு பக்கமும் எரிமலை, ஒண்ணு சிபாயாக், இன்னொண்ணு சினாபுங். சினாபுங் சுமார் 400 வருஷம் சும்மா கெடந்துட்டு 2010ல திடீர்னு வெடிச்சது, அப்புறம் 2013ல இருந்து வருஷக்கணக்கா விட்டு விட்டு குமுறிக்கிட்டு இருந்துச்சு. டூரிஸ்ட் எல்லாம் மலையைப் பாக்கத்தான் வர்றாங்க. நான் இருந்தப்ப ஒரே மூடுபனி, மலையும் தெரியல ஒண்ணும் தெரியல, அதனால ஊருக்குள்ளயே சுத்துனேன், நல்லதாப் போச்சு.

காலைல காபிக் கடைல போய் உக்காந்தா, ஆம்பளைங்க எல்லாம் லுங்கியைத் தோள்ல சால்வை மாதிரி போத்திக்கிட்டு செஸ் ஆடுறாங்க. அந்தப் பக்கம் காரோ இனத்து மக்கள், அவங்களுக்கு செஸ்னா உசுரு. கட்டம் எல்லாம் தேஞ்சு போன போர்டு, ஒரு சிப்பாய் காணாம அதுக்கு பதிலா சோடா மூடி வெச்சிருக்கு, ஆடுற ரெண்டு பேரும் வாயத் தொறக்கல, வேடிக்கை பாக்குறவங்கதான் அத நகர்த்து இத நகர்த்துன்னு கத்துறாங்க. காபின்னா பால் கிடையாது, க்ளாஸ்ல பொடியைப் போட்டு வெந்நீர ஊத்தி அப்படியே குடுத்துடறாங்க, மண்டி அடில எறங்குற வரைக்கும் நாம காத்திருக்கணும். எந்த ஊருன்னு சைகைல கேட்டாங்க, இந்தியான்னேன், உடனே ஒரு பெரியவர் "ஆனந்த்!"னு சொல்லி எடம் விட்டு என்னைய உக்கார வெச்சு ஒரு ஆட்டம் ஆடச் சொல்லிட்டாரு. எப்படி ஆடினேன்னு மட்டும் கேக்காதீங்க.

அப்புறம் பழ மார்க்கெட். ஆரஞ்சு, பேஷன் ஃப்ரூட், கொடைக்கானல் பக்கம் மரத்தக்காளின்னு விக்கிறாங்களே அதுவும் குவிச்சு வெச்சிருக்காங்க. ஒரு அம்மா பேஷன் ஃப்ரூட்டை மேல மட்டும் சீவி கைல குடுத்து உறிஞ்சச் சொன்னாங்க, வாங்கினாத்தான்னு இல்ல. எரிமலை சாம்பல் கொட்டின வருஷம் தோட்டத்துல ஒண்ணும் மிஞ்சலன்னு போன்ல ட்ரான்ஸ்லேட் போட்டுக் காட்டினாங்க. இதை எல்லாம் எந்த வியூ பாயிண்ட்ல நின்னு பாக்கறது?

நம்ம ஏற்காட்டுலயும் ஆரஞ்சு இருக்கு, மிளகு இருக்கு, பலா இருக்கு, 1820கள்லயே காக்பர்ன்ங்கிற சேலம் கலெக்டர் காபி கொண்டாந்து வெச்ச மலை அது. ஆனா ஏரிக்கரைல நம்ம டூரிஸ்ட் சாப்புடறது மிளகா பஜ்ஜி, குடிக்கிறது இன்ஸ்டன்ட் காபி. காபிச் செடிக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்கிறவங்களுக்கு, அந்தப் பழத்தைப் பறிக்கிறது யாரு, என்ன கூலி, காய வெக்கிறது எங்கன்னு ஒண்ணும் தெரியாது. அவங்களைச் சொல்லி என்னங்க, நாமதான எழுதல.

அதனால கேக்கறேன், மஞ்சக்குட்டை, நாகலூர் பக்கம் இருக்கிற மலையாளிங்கிற பழங்குடி சனங்க சந்தைக்கு என்ன கொண்டாறாங்க, எந்த மாசம் எது வெளையும், யார்கிட்ட நேரா வாங்கலாம்னு வாரம் ஒரு அரைப்பக்கம் போடுங்க. நிருபரை கார்ல அனுப்பாதீங்க. விடியக்காலம் சேலத்துல இருந்து போற பஸ்ல ஏத்தி விடுங்க, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கறதுக்குள்ளயே பக்கத்து சீட்டுல இருக்கிறவங்க பாதி விஷயத்தைச் சொல்லிடுவாங்க. போட்டோகிராபர்கிட்ட ஏரியை எடுக்க வேணாம்னு மட்டும் சொல்லிடுங்க, உங்க ஆபீஸ்லயே அது போதும் போதும்ங்கிற அளவுக்கு இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு கொலுசு பட்டறைக்காரர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.