லோமா லிண்டாவிலிருந்து அம்மாவுக்கு

லோமா லிண்டா,
கலிபோர்னியா.

கர்த்தருக்குள் அன்பான அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் நலமாக இருக்கிறேன். இறைச்சியும் மீனும் மட்டுமல்லாமல் பாலையும் முட்டையையும்கூட நான் விட்டுவிட்டேன் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து நீங்கள் கவலையாகவே இருப்பதாகவும், "அவன் என்ன ஐயராகிவிட்டானா?" என்று சித்தப்பா கேட்டதாகவும் தங்கை சொன்னாள். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய காரியம் இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

நாம் பிரகாசபுரத்துக்காரர்கள். சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம் 1857இல் மிஷனரிமாரை விட்டுப் பிரிந்து தனிச் சபை கண்டு, சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கச் செய்த ஊர் நம்முடையது. அந்த ஓய்வுநாள் சபையாரிடையே ஊழியம் செய்யத்தான் 1908இல், அவர்களைப் போலவே சனிக்கிழமையை ஆசரிக்கும் அட்வென்டிஸ்ட் சபையின் போதகர் ஜேம்ஸ் அந்தப் பக்கம் வந்தார். நம் தாத்தாவின் விசுவாசம் அந்த வழியில் வந்தது. சிறகும் செதிளும் இல்லாத நீர்வாழ் உயிர்களைப் புசிக்கக் கூடாது என்கிற லேவியராகமம் பதினோராம் அதிகாரத்தை மனதில் வைத்து, விளைமீனும் சாளையும் வாங்குகிற நீங்கள் இறாலையும் நண்டையும் ஒருநாளும் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. சாப்பாட்டுத் தட்டும் கர்த்தருக்கு முன்பாக இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தான், அம்மா. நான் அதே வழியில் இன்னும் கொஞ்சம் நடந்திருக்கிறேன், அவ்வளவே.

ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் தேவன் மனுஷனுக்கு முதலில் கொடுத்த ஆகாரம் விதைதரும் பூண்டுகளும் கனிகளுமே. மாம்சம் புசிக்க அனுமதி வந்தது ஜலப்பிரளயத்துக்குப் பிறகு. சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று பவுல் எழுதியதைச் சிறுவயதில் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். ஆனால் இருதய நோயாளிகளின் வார்டில் இரவுப் பணி பார்க்கும்போதுதான் அந்த வசனம் என்னைத் தொட்டது. கர்த்தர் நம்மிடம் ஒப்படைத்த ஒன்றைப் பேணுவதும் அவரை ஆராதிப்பதுதான் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். இது விரதம் அல்ல, எதையோ வேண்டிக்கொண்டு செய்த பொருத்தனையும் அல்ல. இறைச்சி சாப்பிடுகிறவருக்குச் சபையில் இடமில்லை என்ற சட்டமும் இங்கே கிடையாது. இப்படி உண்பது நல்லது என்று சபை ஆலோசனை சொல்கிறது, அவரவர் ஜெபித்து முடிவு செய்கிறார்கள்.

நம் அட்வென்டிஸ்ட் சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான எலன் ஒயிட் அம்மையார் ஆரோக்கியத்தைப் பற்றிய தரிசனத்தை மிச்சிகனில் 1863ஆம் ஆண்டு ஜூன் மாதம் கண்டார். ஆனாலும் தம் வீட்டு மேசையிலிருந்து இறைச்சியை அடியோடு அவர் விலக்கியது 1894இல்தான். இடையில் முப்பது ஆண்டுகள்! ஆகவே இதில் அவசரப்படவும், அடுத்தவரை வற்புறுத்தவும் யாருக்கும் நியாயம் இல்லை. 1905இல் அவருடைய தூண்டுதலால் வாங்கிய இடத்தில் எழுந்ததுதான் இந்த லோமா லிண்டா மருத்துவமனையும் அதன் பல்கலைக்கழகமும்.

அப்பாவுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 96,000 அட்வென்டிஸ்ட் சபையாரிடம் உணவுப் பழக்கத்தைக் கேட்டறிந்து, 2002 முதல் இந்தப் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு நடத்தி வருகிறது. அதில் எல்லாவற்றையும் சாப்பிடுகிறவர்களில் 7.6 சதவீதம் பேருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருந்தது; பால், முட்டைகூட இல்லாமல் தாவர உணவு மட்டுமே உண்பவர்களில் அது 2.9 சதவீதம்தான். உணவு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது, இவர்களில் அநேகர் உடல் எடையும் குறைந்தவர்கள். இதைப் படித்துவிட்டு அப்பா மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம்.

எனக்குச் சத்துக் குறையும் என்று நீங்கள் பயப்பட வேண்டாம். பி12 என்கிற வைட்டமின் மட்டும் தாவர உணவில் போதிய அளவு கிடைக்காது என்பதால் அதற்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். இந்த ஊரில் எல்ஸ்வர்த் வேர்ஹாம் என்று ஓர் இருதய அறுவை மருத்துவர் இருந்தார். பாலும் முட்டையும்கூடச் சேர்க்காதவர். 95 வயது வரைக்கும் அறுவை அரங்குக்குப் போய்வந்தார், 2018இல் காலமானபோது அவருக்கு வயது 104. எல்லாருக்கும் அப்படி ஆயுசு கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. கர்த்தர் கொடுப்பதுதான் ஆயுசு.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் மறுநாளைக்கும் சேர்த்துச் சமைத்துவிடுகிறோம். பெரும்பயறையோ கறுப்பு பீன்ஸையோ முந்தின இரவே ஊறவைத்து, சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, மசிய வேகவைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோவது என் பங்கு. ஆராதனை முடிந்ததும் நீள மேசையில் வரிசையாகச் சாப்பாடு இருக்கும். தட்டில் முதலில் சோள வறுவலை நொறுக்கிப் போட்டு, அதன்மேல் சுடச்சுட பீன்ஸ், அதன்மேல் பொடியாக நறுக்கிய கீரை இலை, தக்காளி, வெங்காயம், கறுப்பு ஆலிவ் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். வைக்கோல் போர் என்பதே அதற்குப் பெயர். பிலிப்பைன்ஸ்காரர், மெக்சிகோக்காரர், கொரியர் எல்லாரும் அதையே உண்கிறார்கள். யாருக்கும் தனிப் பந்தி இல்லை.

சித்தப்பாவின் கேள்விக்கும் என் பதில் அதுதான். மரக்கறி உண்பதை வைத்து மேல் கீழ் பார்த்த ஊரில் பிறந்தவர் அவர். அவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பு இல்லை. அந்தப் பெருமைக்கும் நான் செய்வதற்கும் சம்பந்தமே கிடையாது. மீன் சாப்பிடுகிற உங்களைவிட நான் சுத்தமானவன் என்ற எண்ணம் என் மனதில் எழுமானால், இந்த உணவினால் எனக்கு ஒரு பயனும் இல்லை.

டிசம்பரில் விடுப்புக் கிடைத்திருக்கிறது. எனக்கென்று தனிப் பாத்திரமும் வேண்டாம், தனி அடுப்பும் வேண்டாம். அப்பாவுக்கு மீன்குழம்பு வைக்கும் நாளில் எனக்கு ரசமும் சிறுகிழங்குப் பொரியலும் இருந்தால் போதும். உங்கள் சொதியில் தேங்காய்ப்பால்தானே, தாராளமாகச் சாப்பிடுவேன். உளுந்தங்களிக்கு நெய் விடாமல் நல்லெண்ணெய் விடுங்கள். சித்தப்பாவையும் ஒருநாள் சாப்பிட வரச் சொல்லுங்கள், நேரில் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்